எத்தனை கை மாறிய விமானம்?

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கை மாறின வண்டி?" என்பதைத்தான். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்று புரோக்கர் சொல்லிவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி. ஓடிய கிலோமீட்டரைவிட, யார் கையில் இருந்தது என்பதே நம்மவர்களுக்குப் பெரிது. இது வெறும் சந்தைப் பேச்சு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பழைய இரட்டை என்ஜின் விமானங்களின் விபத்து அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் புரோக்கர் மேல் மரியாதை வந்துவிட்டது.

விமானத்துக்கு வயது என்பது சிக்கலான சங்கதி. 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3 வகையும், அதன் ராணுவ வடிவமான டகோட்டாவும் பத்தாயிரத்துக்கும் மேல் தயாராயின. அவற்றில் சில இன்றும் பறக்கின்றன. காரணம் எளிது. அதன் அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்புவதில்லை. உயரே போகும்போது உப்பி, இறங்கும்போது சுருங்கி, உலோகத்தோல் களைத்துப்போகும் நோய் அதற்குப் பெரும்பாலும் இல்லை. என்ஜினைக் கழற்றி மாற்றலாம், துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டலாம். மாற்ற முடியாத பாகம் ஒன்று உண்டென்றால், அது பராமரிப்புப் பதிவேடுதான். அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பது குழம்பும் இடத்தில்தான் கதை திசைமாறுகிறது.

என்55விஎம் என்ற பதிவெண் கொண்ட கான்வேர் 240 விமானத்தின் கதை அப்படிப்பட்டது. கான்வேர் 240 வகை 1947-இல் பறக்கத் தொடங்கியது. டிசி-3இன் இடத்தைப் பிடிக்க வந்த, அறை அழுத்தம் உள்ள, நாற்பது பேர் அமரக்கூடிய விமானம். ஜெட்கள் வந்ததும் பெரிய நிறுவனங்கள் இவற்றைக் கைகழுவின. பிறகு அவை சரக்குக்காரர்கள், வாடகைக்காரர்கள், இசைக்குழுக்கள் என்று படிப்படியாக இறங்கின. என்55விஎம் 1977-இல் டெக்சாஸ் மாநிலம் அடிசனைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் சொத்து. அவ்வாண்டு லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் இசைக்குழு அதை விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு ஏரோஸ்மித் குழுவின் விமானப் பொறுப்பாளர் இதே விமானத்தையும் இதே விமானிகளையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

அந்த வாடகைப் பயணங்களில் ஒன்றில் வலதுபக்க என்ஜினிலிருந்து தீ நாக்கு நீண்டதைப் பயணிகளே பார்த்திருக்கிறார்கள். பழைய மொபெட் ஓட்டியவர்களுக்கு மெக்கானிக் "மேக்னட் போச்சு சார்" என்று உதட்டைப் பிதுக்குவது நினைவிருக்கும். அந்த மேக்னெட்டோதான் இங்கேயும். பேட்டரியை நம்பாமல், என்ஜின் சுழலும் வேகத்திலேயே மின்சாரம் உண்டாக்கிப் பொறி தெறிக்க வைக்கும் கருவி அது. கான்வேரின் என்ஜினில் பதினெட்டு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு வீதம் முப்பத்தாறு ஸ்பார்க் பிளக்குகள். பொறி சரியாகத் தெறிக்காவிட்டால் எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குப் போய் அங்கே பற்றிக்கொள்ளும். விமானிகள் மேக்னெட்டோவைத்தான் சந்தேகித்தார்கள். அடுத்துப் போக வேண்டிய ஊரான பேட்டன் ரூஜ் போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

1977 அக்டோபர் 20. குழுவின் புதிய ஆல்பம் வெளியாகி மூன்றே நாள். தெற்கு கரோலினாவின் கிரீன்வில்லில் 400 கேலன் பெட்ரோல் நிரப்பினார்கள். பயண நேரம் 2 மணி 45 நிமிடம், கையிருப்பு எரிபொருள் 5 மணி நேரத்துக்கு என்று பயணத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள். புறப்பட்டு மூன்று மணி நேரம் ஆகுமுன் மிசிசிப்பி மாநிலம் கில்ஸ்பர்க் அருகே இரண்டு என்ஜின்களும் அடங்கிப்போயின. மக்கோம்ப் விமான நிலையத்துக்குத் திரும்பப் பார்த்து, எட்ட முடியாமல் காட்டுக்குள் இறங்கியது விமானம். மரங்கள் இறக்கைகளைப் பிய்த்தன. இருபத்தாறு பேரில் ஆறு பேர் இறந்தார்கள். பாடகர் ரானி வான் ஜான்ட், கிதார் கலைஞர் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவருடைய அக்கா கேஸி ஆகியோரும் இரண்டு விமானிகளும் அந்த ஆறில் அடக்கம். மற்ற இருபது பேர் உயிர் தப்பியதற்கு ஒரு காரணம், தீப்பிடிக்கவில்லை என்பது. பற்றிக்கொள்ள டாங்கியில் எண்ணெய் இருந்தால்தானே!

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எரிபொருளைக் கவனிக்காத விமானிகளைக் காரணமாகச் சொன்னது. திட்டமிடலில் இருந்த குறையும், வலது என்ஜினில் இன்னதென்று கண்டறிய முடியாத ஒரு கோளாறு வழக்கத்தைவிட அதிக எரிபொருளைக் குடித்ததும் துணைக் காரணங்கள். எனக்கு அந்த அறிக்கையில் உறுத்தியது வேறு ஒரு பகுதி. அங்கே 12,500 பவுண்டுக்கு மேற்பட்ட விமானத்தை வாடகைக்கு விட்டால், அதை இயக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதியும் இருந்தார்கள். விமானம் கம்பெனியுடையது, விமானிகளைக் கொடுத்ததும் கம்பெனி. ஆனால் காகிதத்தின்படி விமானத்தை 'இயக்கியவர்கள்' கிதாரும் டிரம்மும் வாசித்துக்கொண்டிருந்த வாலிபர்கள். சட்டம் எழுதச் சொன்னதே மறைப்பு இருக்கக் கூடாது என்பதற்காக. அதே எழுத்து இங்கே கைகழுவும் தண்ணீராகிவிட்டது. பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஆர்.சி. புத்தகத்தைத் திணித்துவிட்டு டிரைவர் வண்டியை எடுப்பதைப் போல.

அப்படியானால் சொந்தமாக வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா? பாடகர் ரிக் நெல்சன் 1985-இல் வாங்கிய டிசி-3 (என்711ஒய்) அந்த நம்பிக்கையையும் குலைக்கிறது. 1944-இல் தயாரான அந்த விமானம் முன்பு பாடகர் ஜெர்ரி லீ லூயிஸிடம் இருந்தது. நெல்சனிடம் வந்த சில மாதங்களிலேயே ஒருமுறை என்ஜின் படுத்துக்கொள்ள, குழுவினரே இறங்கி ஓடுபாதையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னொரு முறை, மறுபடியும் மேக்னெட்டோ! செப்டம்பரில் நடந்த முதல் ஃபார்ம் எய்ட் இசை நிகழ்ச்சிக்கு அவரால் போக முடியவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று டெக்சாஸின் டி கால்ப் அருகே அறைக்குள் புகை சூழ, விமானி அதை ஒரு வயலில் இறக்கினார். விமானிகள் இருவரும் முன்பக்க ஜன்னல் வழியே தப்பினார்கள். நெல்சன் உட்படப் பயணிகள் ஏழு பேரும் இறந்தார்கள். வால்பக்கம் இருந்த, பெட்ரோலில் எரியும் ஹீட்டரைப் பலமுறை இயக்கிப் பார்த்ததாகத் துணை விமானி சொன்னார். தலைமை விமானி சொன்னது வேறு. தீ எப்படி மூண்டது என்று வாரியத்தால் அறுதியிட முடியவில்லை. அவசரகாலச் சரிபார்ப்புப் பட்டியலின்படி விமானிகள் நடக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்தது. உரிமையாளர் பெயர் இங்கே தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கச்சேரி தேதிக்குக் கட்டுப்பட்ட உரிமையாளர், இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று சொல்வது எளிதா?

எதிர்த்திசையில் போன ஒரு கைமாற்றமும் உண்டு. நம் விமானப்படையிடம் இப்போது இருக்கும் டகோட்டா 1944-இல் தயாரானது. ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்து கிடந்தது. டகோட்டா ஓட்டிய ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் மகன், அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர், 2011-இல் அதை வாங்கி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் சீர்செய்யக் கொடுத்தார். விமானப்படைக்கு அன்பளிப்பாகத் தர முன்வந்தபோது முதலில் அரசு ஏற்கவில்லை. இலவசமாக வருகிற பழைய விமானத்தைக் கண்டு ஓர் அலுவலகம் தயங்கியதில் எனக்கு வியப்பில்லை, குறையும் இல்லை. வாங்கிக்கொண்டால் கையெழுத்துப் போட வேண்டுமே!

2018 பிப்ரவரி 13 அன்று தானப் பத்திரம் கைமாறியது. பரசுராமா என்ற பெயரும் விபி905 என்ற எண்ணும் வைத்தார்கள். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாளத்து வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண் அது. ஏப்ரல் 17 அன்று கவென்ட்ரியில் கிளம்பி பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், வளைகுடா என்று நின்று நின்று எட்டு நாளில் ஜாம்நகருக்கு வந்தது. மறுநாள் டெல்லியை ஒட்டிய ஹிண்டன் தளம். அங்கே மே 4 அன்று முறைப்படி படையில் சேர்க்கப்பட்டது.