பனியும் மன்றாட்டும்: காலநிலை மாற்றத்தின் முன் மூன்று சமயச் சமூகங்கள்

காலநிலை மாற்றம் விஞ்ஞானிகள் ஆராயும் பொருள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், வெப்பமானி வழக்கிற்கு வருமுன்னரே பனியின் பெருக்கத்தையும் ஒடுக்கத்தையும் தம் வழிபாட்டோடு பிணைத்து நோக்கிய சமூகங்கள் உலகில் இருந்தன. அவற்றின் மரபுவழி வந்த மூன்று சமூகங்களை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

சுவிற்சர்லாந்திலுள்ள அலெற்ச், அல்ப்சு மலைத்தொடரின் மிகப் பெரிய பனிக்கட்டியாறாகும். வரலாற்றாசிரியர் 'சிறு பனிக்காலம்' என வழங்கும் குளிர்ந்த நூற்றாண்டுகளில் அது பெருகிற்று. அதனால் தடுக்கப்பட்டுத் தேங்கிய ஏரி உடைப்பெடுத்து அடிவாரத்து ஊர்களை அச்சுறுத்தியது. ஃபீஷ், ஃபீஷர்டால் ஆகிய ஊர்களின் கத்தோலிக்கர், அறநெறியில் வாழ்வதாகவும் பனி பெருகாதிருக்க மன்றாடுவதாகவும் 1678இல் நேர்த்தி வைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அப்பனிக்கட்டியாறு 3 கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கியது. எனவே அவர்தம் வழித்தோன்றல்கள் நேர்த்தியை மாற்றப் பாப்பரசரிடம் அனுமதி வேண்டினர். 2010இல் அது கிடைத்தது. பெருகாதே என்ற மன்றாட்டு அழியாதே என்றாயிற்று.

யப்பானின் சுவா ஏரி உறைந்து வெடிக்கும்போது பனிமேடு எழும். ஆண் தெய்வம் மறுகரையிலுள்ள தேவியைக் காண நடந்து சென்ற சுவடே அது என்பது சிந்தோ மக்களின் நம்பிக்கை. ஆலயத்தார் 1443 முதல் இதனைப் பதிந்து வந்துள்ளனர். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே. 1955 முதல் 2004 வரையான அரை நூற்றாண்டிலோ அவை பன்னிரண்டு. பக்தியால் எழுதப்பட்ட ஏடு இன்று ஆய்வாளருக்குச் சான்றாகின்றது.

பெரு நாட்டின் குஸ்கோப் பகுதியில், கொய்யுர் ரித்தி விழாவின்போது மலையுச்சிப் பனிக்கட்டியை வெட்டிச் சுமந்து வருதல் மரபு. அதன் நீர் நோய் தீர்க்கும் என நம்பினர். பனி சுருங்குவதைக் கண்டு, 2000ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அவ்வழக்கத்தைக் கைவிடலாயினர்.

ஆக, ஒரு சமூகம் வேண்டுதலை மாற்றிற்று. மற்றொன்று பதிவைக் காத்தது. பிறிதொன்று தனக்குரிய புனிதப் பொருளையே துறந்தது. இவற்றுள் எதுவும் பனியை மீட்கவல்லதன்று. எரிபொருள்களால் பெருகிய காபனீரொட்சைட்டே வெப்பத்திற்குத் தலையாய காரணம்; அதில் இவ்வூர்களின் பங்கு மிகச் சிறிது. எனினும் ஒன்று கருதத்தக்கது. 1678ஆம் ஆண்டு நேர்த்தி இரு கூறுகளை உடையது. மன்றாட்டு மாறியது, அறநெறியில் வாழ்வதென்ற உறுதி மாற வேண்டியதில்லை. மாந்தர் ஒழுக்கத்திற்கும் பனிக்கும் தொடர்புண்டு என்பது அன்று நம்பிக்கையாக இருந்தது. இன்று, வேறு பொருளில், அது நிறுவப்பட்ட உண்மையாகும்.