தமிழ்நாட்டில் பழைய கணினிகளும் இயங்குதள ஆதரவும்

ஓர் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் அதில் தென்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வெளியிடுவதே இயங்குதள ஆதரவு எனப்படும். ஆதரவு முடிந்ததும் கணினி நின்றுவிடாது. மறுநாளும் வழக்கம்போல் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது.

தமிழக அரசுக்கு இந்தச் சிக்கல் விண்டோஸ் எக்ஸ்பியால் வந்தது. 2001-இல் வெளியான எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு முடிந்தது. எக்ஸ்பி 128 எம்.பி. நினைவகத்திலேயே ஓடக்கூடியது. விண்டோஸ் 7-க்கோ குறைந்தது 1 ஜி.பி. வேண்டும். ஆகவே பழுதில்லாத கணினியையும் மாற்றியாக வேண்டிய நிலை. 2013-இல் அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற அறிவுறுத்தியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இதைத் தமிழிலும் பயன்படுத்தலாம். அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே சூசே லினக்சுக்கு மாறியிருந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோசுடன் பாஸ் சேர்த்துத் தரப்பட்டது. கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் வேப்பூர் வட்டாரத்தில் நான் பார்த்த பிள்ளைகளில் பலர் பாஸ் பக்கம் போனதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொல்லித்தர ஆசிரியர்களான எங்களுக்கே அப்போது தெரியாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் ஆதரவு முடிந்த பிறகுதான் பழைய மாணவர்கள் சிலர் அந்த மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களோடு சேர்ந்துதான் நானும் லினக்ஸ் நிறுவக் கற்றுக்கொண்டேன்.

கட்டற்ற மென்பொருளும் பழைய வன்பொருளை என்றென்றைக்கும் சுமப்பதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்சை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 நுண்செயலி கொண்ட கணினியில். அந்த 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் லினக்ஸ் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ வழியில்லை. ஆனால் மூலநிரல் திறந்திருப்பதால் விரும்புகிற வேறொருவர் எடுத்துத் தொடரலாம். விண்டோசில் அதற்கு இடமில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் கிடையாது. அவற்றில் 64 பிட் நுண்செயலி இருந்தால் டெபியன் 13 ஓடும்.