முழங்காலும் மார்பும்

மருத்துவ வரலாற்றில் வில்லியம் ஹெபர்டன் என்னும் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. நடக்கும்போது மார்பை இறுக்கி, நின்றதும் விட்டுவிடும் நோவை 1768இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் விவரித்தவர் அவர். விரல் கணுக்களில் எழும் சிறு முண்டுகளைக் குறித்தவரும் அவரே. அக்குறிப்பு, அவர் மறைந்த மறு ஆண்டு, 1802இல் நூலில் வெளிவந்தது. முன்னது இதய நோய். பின்னது மூட்டுத் தேய்வு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மருத்துவத்திற்கு மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதற்கு உதவியது ஓர் இதய ஆய்வு என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய அவ்வாய்வில் இருந்தவர்களுக்கு 1983-85 ஆண்டுகளில் முழங்கால் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உடல் பருத்திருந்தவர்களிடமே தேய்வு மிகுதி என்று 1988இல் தெரியவந்தது. உடலின் பாரம் முட்டியை அழுத்துகிறது என்பது எளிய விளக்கம். ஆனால், உடலைச் சுமக்காத விரல்களிலும் பருமனானவர்களுக்குத் தேய்வு கூடுதலாக இருப்பது ஏன்? கொழுப்பு வெறும் சுமையன்று. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் போன்றவற்றைச் சுரந்து, உடலெங்கும் மெல்லிய அழற்சியை நீட்டித்து வைப்பது அது. இரத்தக் குழாயைக் கெடுக்கும் அதே அழற்சி குருத்தெலும்பையும் அரிக்கக்கூடும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. முட்டி வலித்தால் நடை குறைகிறது. நடை குறைந்தால் எடையும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இங்கிலாந்தில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வுடைய 1163 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. நடக்க இயலாமை மிகுந்தவர்களிடையே இறப்பும், குறிப்பாக இதய நோயால் இறப்பும், மிகுதி என்றது அது. வலி மாத்திரையும் தீங்கற்றதன்று. மூட்டுவலிக்குப் புகழ்பெற்றிருந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுவதாக அறியப்பட்டு 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

காஞ்சிபுரம் - வாலாஜாபாத் சாலையில் உள்ள ஐயம்பேட்டை நெசவாளர் ஊர். குழித்தறியில் கால்கள் பள்ளத்தில் மிதியை மாற்றினாலும், உடல் நாள் முழுதும் அமர்ந்தே இருக்கிறது. தெருவில் கழி ஊன்றிப் பாவு நீட்டிய காலத்தில் நெசவு என்பது பாதி நடையாகவும் இருந்தது. இன்று முட்டிவலியைத் தொழிலின் கூலி என்றும், வயதின் இயல்பு என்றும் பொறுத்துக்கொண்டு, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தறியேறுவது எளிது. அந்த வலியோடு மருத்துவரிடம் செல்பவருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும். முட்டியைக் காக்க நடையை நிறுத்தாமல், தாங்கும் அளவுக்கு நடக்கச் சொல்லவும் வேண்டும். முட்டியில் தொடங்கும் முறையீடு முட்டியோடு முடிவதில்லை.