சிறு கம்பியில்லா இணையச் சேவையாளர்கள்: சந்தா ஒப்பந்தமும் ஒட்டுக்கேட்புச் சட்டமும் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

சிறு கம்பியில்லா இணையச் சேவையாளர் என்பது, பெரும்பாலும் உரிமம் தேவைப்படாத ரேடியோ அலைவரிசைகளைக் கொண்டு, ஒரு கோபுரத்திலிருந்து சுற்றுவட்டார வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் இணைய இணைப்பு தரும் உள்ளூர் நிறுவனம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொலைபேசி நிறுவனங்களும் கேபிள் நிறுவனங்களும் கம்பி இழுக்க முன்வராத ஊர்ப்புறங்களில் இவை தோன்றின. பலவற்றில் உரிமையாளரே கோபுரம் ஏறுவார், பில் போடுவார், தொலைபேசியில் குறைகளையும் கேட்பார். அப்படிப்பட்ட ஒருவர் எழுதும் சந்தா ஒப்பந்தமும், பெரிய தொலைபேசி நிலையங்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட ஒட்டுக்கேட்புச் சட்டம் அவர்மீது இறங்கிய விதமும் இக்கட்டுரையின் பொருள்.

தோற்றம்

இத்தொழிலுக்கு அடித்தளம் 1985 மே மாதத்தில் ஃபெடரல் தகவல்தொடர்பு ஆணையம் எடுத்த முடிவு. 902–928 மெகாஹெர்ட்ஸ், 2400–2483.5 மெகாஹெர்ட்ஸ், 5725–5850 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அலைவரிசைகளில் சமிக்ஞையை அகலப் பரப்பி அனுப்பும் பரவல் நிறமாலை முறையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று அது அறிவித்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளின் இரைச்சலால் பெரிதாக எதற்கும் உதவாதவை என்று கருதப்பட்ட அலைவரிசைகள் இவை. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்க்கஸ் இம்முடிவுக்கு முன்னின்று உழைத்தார். வயோமிங் மாநிலத்தின் லாரமி நகரில் 1992இல் தொடங்கப்பட்ட லாரியட், தன்னையே உலகின் முதல் கம்பியில்லா இணையச் சேவை என்று கூறிக்கொள்கிறது. 1997இல் 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் இடம் கிடைத்தது. 1999இல் 802.11பி என்ற வைஃபை தரம் வந்தபின் கருவிகள் மலிந்தன. அலுவலக அறைக்குள் பயன்படுத்தச் செய்த ரேடியோ அட்டைகளைத் திசை ஆன்டெனாவோடு இணைத்துப் பல மைல் தூரம் அனுப்பும் பழக்கம் பரவியது. தானியக் கிடங்கின் உச்சி, ஊர்த் தண்ணீர்த் தொட்டி, விவசாயியின் சைலோ எல்லாம் கோபுரமாயின. சைலோவைத் தந்த விவசாயிக்கு வாடகைக்குப் பதில் இலவச இணைப்பு கொடுப்பது வழக்கம். 2004இல் இவர்களுக்கென விஸ்பா என்ற சங்கம் உருவாயிற்று.

சந்தா ஒப்பந்தம்

உரிமமில்லா அலைவரிசையின் இயல்பே ஒப்பந்தத்தின் முதல் பிரிவை எழுதிவிடுகிறது. ஆணையத்தின் 15ஆம் பகுதி விதிகளின்படி, இவ்வகைக் கருவி பிறருக்குத் தீங்கான இடையூறு செய்யக்கூடாது. தனக்கு வரும் இடையூறு எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசி சமிக்ஞையைக் கெடுத்தாலும் முறையிட இடமில்லை. ஆகவே இவ்வொப்பந்தங்கள் குறிப்பிட்ட வேகத்துக்கு உறுதி தருவதில்லை. 'இயன்ற அளவு' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன.

இரண்டாவது, மரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை ஈரமுள்ள இலைகள் உறிஞ்சுகின்றன. பனிக்காலத்தில், கிளைகள் மொட்டையாக நிற்கும்போது பொருத்திய இணைப்பு, ஏப்ரல், மே மாதங்களில் தளிர் விட்டதும் தடுமாறும். அதனால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான நேர்ப்பார்வை பின்னாளில் மறைந்தால் பொறுப்பு யாருடையது, மரத்தை வெட்டுவது யார், வெட்ட மனமில்லையென்றால் அபராதமின்றி விலகலாமா என்பவற்றை நல்ல ஒப்பந்தம் சொல்லிவைக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் இலைகளை ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே கிடைக்கும் இடம் மொத்தமே 26 மெகாஹெர்ட்ஸ்.

மூன்றாவது, கூரைமேல் இருக்கும் கருவி. தொடக்க காலத்தில் ஒரு வீட்டுக்கான ரேடியோவும் ஆன்டெனாவும் நூற்றுக்கணக்கான டாலர் விலை பெற்றன. மாதக் கட்டணத்தில் அந்த முதலீட்டைத் திரும்ப எடுக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். முன்கூட்டி விலகினால் கட்டணம், கருவி நிறுவனத்தின் சொத்து, எடுத்துச்செல்ல வளாகத்துள் நுழையும் உரிமை, இடி விழுந்தால் யார் செலவு என்ற பிரிவுகளெல்லாம் இங்கிருந்தே பிறந்தன. வாடகை வீடானால் வீட்டுக்காரர் ஒப்புதல் என்ற கேள்வி எழும். ஒரு மீட்டருக்கு உட்பட்ட ஆன்டெனாவைத் தம் தனிப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் வைப்பதைக் குடியிருப்புச் சங்கமோ வீட்டுக்காரரோ தடுக்க முடியாது என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி விதியை ஆணையம் நிலையான கம்பியில்லா இணையத்துக்கும் நீட்டியது. 2001இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அடுக்ககத்தின் பொதுக் கூரை 'தனிப் பயன்பாடு' ஆகாது.

பயன்பாட்டு விதிகளில் முக்கியமானது, இணைப்பை அண்டை வீட்டாருக்குப் பகிரக்கூடாது என்பது. ஒரு கோபுரத்தின் மொத்தக் கொள்ளளவே சில மெகாபிட்டாக இருந்த காலத்தில் இது வருமானப் பிரச்சினையாக மட்டும் பார்க்கப்படவில்லை. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், மீண்டும் மீண்டும் பதிப்புரிமை மீறும் சந்தாதாரரை நீக்கும் கொள்கை வைத்திருக்கும் சேவையாளருக்கே பாதுகாப்பு அளித்தபோது, எந்த ஐபி முகவரி எந்தச் சந்தாதாரருடையது என்று தெரிந்திருப்பது அவசியமாயிற்று. ஒட்டுக்கேட்பு ஆணை கேட்பதும் இதையேதான். ஒரு விநியோகப் புள்ளியின் ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பில், அந்த முகவரிக்குப் பின்னால் உள்ள ஆளைக் காட்டும் ஆவணமாகச் சந்தா ஒப்பந்தமும் அதனோடு சேர்ந்த கருவி எண் பதிவுமே எஞ்சுகின்றன.

ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் வளர்ச்சி

நீதிபதியின் ஆணையோடு தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் முறையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஓர் ஆணை அதிகபட்சம் 30 நாள் செல்லும், நீட்டிப்பு கோரலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இதை மின்னணுத் தகவல்தொடர்புக்கு விரித்தது. யார் யாருடன் எப்போது தொடர்புகொண்டார் என்ற வெளிக்குறிப்பை மட்டும் பெறவும், சேமித்துள்ள பதிவுகளைப் பெறவும் தனித்தனி வழிகளை அமைத்தது. இவற்றின்கீழ் சேவையாளர் உதவ வேண்டும். உதவிக்கான நியாயமான செலவைப் பெறலாம். ஒட்டுக்கேட்க வசதியாகத் தன் வலையமைப்பைக் கட்டியிருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் அன்று இல்லை.

அக்கடமையை 1994 அக்டோபர் 25 அன்று கையெழுத்தான, கலீயா எனப்படும் சட்ட அமலாக்கத்துக்கான தகவல்தொடர்பு உதவிச் சட்டம் கொண்டுவந்தது. எண்ணியல் தொலைபேசி நிலையங்கள் வந்தபின் கம்பியில் கொக்கி மாட்டிக் கேட்கும் பழைய முறை பலிக்கவில்லை என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயி ஃப்ரீ நாடாளுமன்றத்தில் வற்புறுத்தியதன் விளைவு இது. ஏற்கெனவே இருந்த கருவிகளை மாற்ற நிறுவனங்களுக்கு ஈடாக 50 கோடி டாலர் அனுமதிக்கப்பட்டது. சட்டம் 'தகவல் சேவைகளை' வெளிப்படையாக விலக்கியது. இணையம் அந்த விலக்குக்குள் அடங்கியது என்றே பத்தாண்டுகள் கருதப்பட்டது.

2004 மார்ச்சில் நீதித்துறை, எஃப்.பி.ஐ., போதைப்பொருள் தடுப்பு நிர்வாகம் மூன்றும் சேர்ந்து ஆணையத்திடம் மனு கொடுத்தன. பிராட்பேண்டுக்கும் இணையத் தொலைபேசிக்கும் கலீயா பொருந்தும் என்று அறிவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. சட்டத்தில் ஓர் ஓரமாக இருந்த பிரிவொன்று அவற்றுக்குக் கைகொடுத்தது. உள்ளூர்த் தொலைபேசிச் சேவையின் கணிசமான பகுதிக்கு மாற்றாக அமையும் சேவையைப் பொதுநலன் கருதிச் சட்டத்துக்குள் கொண்டுவர ஆணையத்துக்கு அப்பிரிவு அதிகாரம் தந்திருந்தது. 2005 ஆகஸ்டு 5 அன்று ஆணையம் அம்மனுவை ஏற்றது. அதே நாளில் எடுத்த மற்றொரு முடிவில், தொலைபேசிக் கம்பிவழி பிராட்பேண்ட் தகவல்தொடர்புச் சட்டத்தின்படி 'தகவல் சேவை' என்றும் அது வகைப்படுத்தியது. ஒரே சேவை ஒரு சட்டத்துக்குத் தகவல் சேவை, மற்றொன்றுக்கு அல்ல. இது இழுத்துப் பொருத்திய விளக்கம்தான் என்றாலும், இரு சட்டங்களின் வரையறைச் சொற்களும் வேறாதலால் தவறென்று சொல்ல இயலாது. அமெரிக்கக் கல்விக் குழு தொடுத்த வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 ஜூன் 9 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது. நீதிபதி ஹாரி எட்வர்ட்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

காப்பிக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் விலக்குக் கிடைத்தது. அவர்கள் பிறரிடம் வாங்கிய இணைப்பை வாடிக்கையாளருக்குத் தருபவர்கள் மட்டுமே. சொந்தக் கோபுரமும் ரேடியோவும் வைத்திருந்த சிறு கம்பியில்லாச் சேவையாளரோ 'வசதிகளை உடையவர்' என்ற வரையறைக்குள் நேராக வந்து விழுந்தார். சந்தாதாரர் எண்ணிக்கை 50 என்றாலும் விலக்கில்லை. 2006 மேயில் வந்த ஆணையத்தின் இரண்டாவது ஆணை, செலவைச் சேவையாளரே ஏற்க வேண்டும் என்றது. 1998 அக்டோபர் 25க்குப் பின் நிறுவிய கருவிகளுக்குக் கால நீட்டிப்பும் மறுக்கப்பட்டது. இவர்களுடைய கருவிகள் ஏறக்குறைய அனைத்தும் அந்நாளுக்குப் பிந்தியவை.

காலக்கெடுக்கள் மூன்று. 2007 பிப்ரவரி 12க்குள் 445ஆம் எண் படிவத்தில் முன்னேற்ற அறிக்கை. மார்ச் 12க்குள் பாதுகாப்புக் கொள்கை ஆவணம். மே 14க்குள் முழு இணக்கம். தவறினால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

பாதுகாப்புக் கொள்கை ஆவணம் சிறு நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத ஒன்று. ஒட்டுக்கேட்பு உரிய ஆணையோடும் ஊழியர் ஒருவரின் நேரடிச் செயலோடும் மட்டுமே நடப்பதை உறுதிசெய்ய ஒரு மூத்த அலுவலரை நியமிக்க வேண்டும். அவரை வாரம் 7 நாளும், நாள் 24 மணி நேரமும் காவல்துறை தொடர்புகொள்ள வழியிருக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட நிறுவனத்தில் அந்த மூத்த அலுவலர் பெரும்பாலும் கோபுர உச்சியில் இருப்பவர். ஒவ்வொரு ஒட்டுக்கேட்புக்கும் தொடங்கிய நாள், நேரம், ஆணை கொண்டுவந்த அதிகாரி, கையெழுத்திட்ட நீதிபதி, எவ்வகை ஆணை என்பவற்றைப் பதிந்து, பொறுப்பானவர் கையொப்பமிட வேண்டும்.

நடைமுறை

சட்டம் கேட்பவை: இலக்கான சந்தாதாரரின் போக்குவரத்தை மட்டும் பிரித்தெடுத்தல், வெளிக்குறிப்பை உள்ளடக்கத்திலிருந்து வேறாக்குதல், சந்தாதாரருக்குத் தெரியாமல் செய்தல், பிறர் அந்தரங்கத்தைக் காத்தல். சேவையாளரே வழங்காத மறைகுறியாக்கத்தை அவர் உடைத்துத் தர வேண்டியதில்லை. எந்தக் கருவி வாங்க வேண்டும் என்று காவல்துறை கட்டளையிடவும் முடியாது.

வலையமைப்பில் இவை எளிதாக அமையவில்லை. ஒரே கோபுரத்தின் இரு சந்தாதாரர்கள் தமக்குள் பரிமாறும் தரவு மைய ரவுட்டருக்கு வராமலே திரும்பிவிடும். அங்கே கண்ணி வைத்தால் அகப்படாது. அன்று பல ஊர்களின் முழு இணைப்பும் 1.544 மெகாபிட் வேகமுள்ள டி-1 கம்பி ஒன்றிரண்டுதான். இலக்கின் போக்குவரத்தை நகலெடுத்து அதே கம்பிவழி அனுப்பினால் ஊர் முழுதும் வேகம் குறையும்; தெரியாமல் செய்தல் என்ற நிபந்தனை அங்கேயே அடிபடும்.

தீர்வுகள் மூன்று திசையில் வந்தன. முதலாவதாக, தொழில் சங்கம் வெளியிடும் தரத்தைப் பின்பற்றினால் இணங்கியதாகக் கொள்ளப்படும் என்று சட்டம் அனுமதித்திருந்தது. விஸ்பா தன் உறுப்பினருக்கேற்ற தரம் ஒன்றை எழுதியது. பெரிய நிறுவனங்களின் தரத்தைவிட எளிதாகவும், கையிலிருக்கும் கருவிகளால் செய்யக்கூடியதாகவும் அது அமைந்தது. இத்துறையில் சங்கம் செய்த மிகப் பயனுள்ள பணி இதுவே எனலாம். இரண்டாவதாக, ஊர்ப்புறச் சேவையாளர் பலர் பயன்படுத்திய லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனம், தன் ரவுட்டர் மென்பொருளில் கலீயா என்ற பெயரிலேயே ஒரு பொதியைச் சேர்த்தது. ஓப்பன் கலீயா என்ற திறமூலத் திட்டமும் தோன்றியது. மூன்றாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆணையைப் பெறுவதிலிருந்து தரவை ஒப்படைப்பது வரை செய்துதரும் 'நம்பகமான மூன்றாம் தரப்பு' நிறுவனங்கள். ஆணையம் இம்முறையை ஏற்றாலும், பொறுப்பு சேவையாளரிடமே நின்றது.

நடைமுறையில் சிறு சேவையாளரிடம் வந்தவை பெரும்பாலும் முழு ஒட்டுக்கேட்பு ஆணைகள் அல்ல. இன்ன நேரத்தில் இன்ன ஐபி முகவரி யாருடையது என்று கேட்கும் சம்மன்களே. பெயர், முகவரி, இணைப்பு நேரம், பணம் செலுத்திய விதம் ஆகியவற்றை நீதிபதியின்றியே சம்மன் மூலம் பெறலாம். பதிவுகளை 90 நாள் அழிக்காமல் வைக்குமாறு கடிதம் அனுப்பலாம். மேலும் 90 நாள் நீட்டலாம். ஆனால் இணையப் பதிவுகளை எல்லாச் சேவையாளரும் இத்தனை காலம் சேமித்தே ஆக வேண்டும் என்ற பொதுச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. பதிவைச் சில வாரங்களில் அழிக்கும் நிறுவனம் சட்டத்தை மீறுவதில்லை. எனவே பதிவுகள் எவ்வளவு காலம் இருக்கும் என்று ஒப்பந்தத்தின் அந்தரங்கப் பிரிவில் எழுதுவதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம்.

'சட்டப்படியான கோரிக்கைக்கு இணங்கித் தகவல் தருவோம்' என்ற வரியும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. சந்தாதாரருக்கு முன்னறிவிப்புத் தருவோம் என்று சேர்ப்பவர், கோரிக்கை வந்ததையே வெளியில் சொல்லக்கூடாது என்னும் வாய்ப்பூட்டு உத்தரவு வந்தால் அவ்வாக்கைக் காக்க முடியாது. எஃப்.பி.ஐ. நீதிபதியின்றி அனுப்பும் தேசியப் பாதுகாப்புக் கடிதத்தோடு இவ்வுத்தரவு வரும். நியூயார்க்கில் காலிக்ஸ் என்ற சிறு இணைய நிறுவனம் நடத்திய நிக்கலஸ் மெரில் 2004இல் இத்தகைய கடிதம் ஒன்றைப் பெற்று, பெயர் மறைத்து வழக்காடினார். 2006இல் எஃப்.பி.ஐ. தகவல் கோரிக்கையைக் கைவிட்டது. 2010இல்தான் அவர் தம் பெயரை வெளியிட முடிந்தது. வாய்ப்பூட்டு முழுதும் நீங்க 2015 ஆயிற்று. அவருடையது கம்பியில்லா நிறுவனம் அன்று. எனினும் சிறு சேவையாளர் ஒருவர் எதிர்த்து நிற்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இத்துறையில் அது குறிப்பிடப்படுகிறது.

அண்மை நிலை

ஒரு லட்சம் சந்தாதாரர் வரையுள்ள நிறுவனங்களும் விலை, வேகம், முன்கூட்டி விலகும் கட்டணம் ஆகியவற்றை ஆணையம் வகுத்த சீட்டில் காட்டுவது 2024 அக்டோபர் 10 முதல் கட்டாயம். பெரிய தொலைபேசி நிறுவனங்களின் ஒட்டுக்கேட்பு அமைப்புகளுக்குள் சீன ஊடுருவிகள் புகுந்தது அதே ஆண்டு வெளியானபின், வலையமைப்பைக் காப்பதும் கலீயாவின்கீழ் கடமையே என்று ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்து, நவம்பரில் திரும்பப் பெற்றது.