பன்னிரண்டு மொழிகளில் ஒரு பிரசாரம்

சென்ற இதழில், எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே மாதம் சிகாகோ வீதிகளில் நடந்ததைப் பார்த்தோம். அதே வாரம், அங்கிருந்து வடக்கே 150 கிலோமீட்டர்கூட இல்லாத மில்வாக்கியிலும் துப்பாக்கி வெடித்தது. மே 5 காலை, அதே கோரிக்கையோடு பே வியூ இரும்பாலையை நோக்கி ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள் மீது விஸ்கான்சின் மாநிலப் படை சுட்டது. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். ஊர்வலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

சிகாகோவின் நினைவு மே தினமாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மில்வாக்கியின் பெயரோ நம்மில் பலருக்குப் புதிது. ஆனால் அந்த ஊர்த் தொழிலாளிகள் அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகளில் செய்துகாட்டியதை, அமெரிக்காவின் வேறெந்தப் பெருநகரத்திலும் அதுவரை யாரும் செய்ததில்லை. தங்கள் கட்சியைத் தெருத் தெருவாகக் கட்டி, நகராட்சித் தேர்தலில் நின்று, மேயர் நாற்காலியையும் நகர மன்றத்தையும் ஒரே நாளில் கைப்பற்றினார்கள்.

மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி அன்றைக்கு பீர் ஆலைகளுக்கும் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் பெரிய இயந்திரத் தொழிற்சாலைகளுக்கும் பேர்போன ஊர். 1910 கணக்குப்படி மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள். வடபகுதியில் ஜெர்மானியர், தென்பகுதியில் போலந்துக்காரர்கள். இடையிடையே செக், இத்தாலி, ஹங்கேரி, ஸ்லோவேனியா என்று ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வந்த குடும்பங்கள். அப்பா ஆலையில் அரைகுறை ஆங்கிலம் பேசுவார். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. வீட்டுக்கு வரும் நாளிதழ் சொந்த மொழியில் இருக்கும். இந்த ஊரில் ஆங்கிலத்தில் மட்டும் வாக்குக் கேட்கிறவன் பாதித் தெருக்களைத் தாண்டமாட்டான்.

நகராட்சி எப்படி நடந்தது? 1898-இல் ஜனநாயகக் கட்சியின் டேவிட் ரோஸ் மேயரானார். டிராம் கம்பெனியை எதிர்த்துப் பேசி வாக்கு வாங்கியவர். இரண்டே ஆண்டில், 1900 ஜனவரியில், அவருடைய ஆதரவோடு அந்தக் கம்பெனியின் உரிமத்தை நகர மன்றம் 1934 முடியும்வரை நீட்டித்துக் கொடுத்தது. அன்று பிறந்த குழந்தை முப்பத்து நான்கு வயதாகும்வரை அதே கம்பெனியின் வண்டியில்தான் போக வேண்டும் என்று ஒரே தீர்மானத்தில் எழுதிவிட்டார்கள். ஊரே கொதித்தது. 1903-இலிருந்து விசாரணை ஜூரிகள் அடுத்தடுத்துக் கூடின. கவுன்சிலர்கள், கவுண்டி அதிகாரிகள், கான்ட்ராக்டர்கள் மீது லஞ்சக் குற்றச்சாட்டுகள் இருநூறுக்கு மேல் பதிவாயின. அப்படியும் ரோஸ், நடுவில் ஒரு தவணை தவிர, 1910 வரை மேயராக இருந்தார். மக்களுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்ப் போட ஒரு பெட்டி இல்லை. இரண்டு பெரிய கட்சிகளிலுமே கறைபட்ட கைகள் இருந்தன.

அந்தப் பெட்டியைச் செய்தவர்களில் முதல் பெயர் விக்டர் பெர்கர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து, மில்வாக்கிப் பள்ளியில் ஜெர்மன் வாத்தியாராக இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு ஜெர்மன் பத்திரிகை நடத்தினார். 1897-இல் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் தொடங்கிய சோஷல் டெமாக்ரடிக் இயக்கத்தின் கிளையை இந்த ஊரில் கட்டியவர் அவர்தான். கூடவே ஃப்ராங்க் வெபர் என்ற மரவேலைத் தொழிலாளி, மாநிலத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைமை அமைப்பாளர். ஆலையில் சங்கம், வாக்குச்சாவடியில் கட்சி, இரண்டும் ஒரே உடம்பின் இரு கைகள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சங்கக் கூட்டத்துக்குச் சந்தா கட்ட வந்தவர்தான் அந்த வாரம் கட்சியின் வார்டு கூட்டத்துக்கும் போனார். அமெரிக்காவின் மற்ற ஊர்களில் சோஷலிஸ்டுகளும் சங்கத் தலைவர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த காலம் அது.

பெர்கரைப் பற்றி இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்று 1902-இல் அவர் தன் பத்திரிகையில் எழுதினார். தொழிலாளி ஒற்றுமையைப் பேசிய வாயிலிருந்து வந்த சொல் அது. வெற்றியின் கதையைச் சொல்லும்போது இந்தக் கறையை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமல்ல.

1898-இல் முதன்முறை மேயர் தேர்தலில் நின்றபோது கட்சிக்குக் கிடைத்தவை 2,400 வாக்குகள் அளவுக்குத்தான். அந்தத் தோல்விக்குப் பிறகு அவர்கள் கடையைக் கட்டிவிட்டு அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கவில்லை. இங்கேதான் ‘பண்டல் படை’ வருகிறது.

படை என்றதும் கம்பும் கொடியும் நினைவுக்கு வரலாம். இவர்கள் கையில் இருந்தது காகிதக் கட்டு. தேர்தல் நெருங்கும் வாரங்களில் கட்சியின் பிரசாரத் தாள் சனிக்கிழமை அச்சாகும். அந்தந்த வார்டுக்கு வேண்டிய மொழியில் வேண்டிய அளவு எண்ணிக் கட்டி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே தொண்டர்கள் வந்து ஆளுக்கொரு கட்டைத் தூக்கிக்கொள்வார்கள். யார் எந்தத் தெரு என்பது முன்பே முடிவாகியிருக்கும். வாரத்தில் ஆறு நாளும் ஆலையில் நின்று வேலை பார்த்தவர்கள் இவர்கள். ஏரிக்காற்று முகத்தில் அறையும் மார்ச் மாதக் குளிரில், கிடைத்த ஒரே ஓய்வு நாளின் தூக்கத்தை விட்டு வந்து, மாடிப்படி ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தாளைப் போட்டுவிட்டுப் போவார்கள். குடும்பம் எழுந்து கோயிலுக்குக் கிளம்பும்போது தாள் வாசலில் கிடக்கும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே தாள் போகாது என்பதுதான் இதில் விசேஷம். ஜெர்மன் வீட்டுக்கு ஜெர்மன், போலிஷ் வீட்டுக்குப் போலிஷ். பன்னிரண்டு மொழிகள்வரை அச்சிட்டார்கள் என்கிறது வரலாறு. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஊரின் எல்லா வீட்டுக்கும் அந்தந்த வீட்டு மொழியில் செய்தி சேர்க்க இந்தப் படையால் முடிந்தது. இதற்கு முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் கட்சிக்காரர் இல்லாமல் இது நடக்காது. பணக்காரக் கட்சிகள் கூலி கொடுத்து நோட்டீஸ் போடலாம். வீடு வீடாக மொழி அறிந்து போட முடியாது.

தாளில் என்ன இருந்தது? புரட்சி நாளை வருகிறது என்ற முழக்கம் பெரும்பாலும் இல்லை. நகராட்சி வேலைக்கு எட்டு மணி நேரம், டிராமும் மின்சாரமும் நகரத்துக்கே சொந்தமாக வேண்டும், கழிவுநீர், குப்பை, பள்ளிப் புத்தகம், பொதுக் குளியலறை, ஐஸும் நிலக்கரியும் அடக்க விலைக்கு. ஏழைக் குடும்பத்துக்கு ஐஸ் ஆடம்பரமல்ல; கோடையில் குழந்தையின் பால் கெடாமலிருக்க அதுதான் வழி. அதோடு நகர மன்றத்தில் எந்தக் கவுன்சிலர் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்ற விவரமும் வந்தது. டிராம் உரிமத்துக்குக் கை தூக்கியவரின் பெயரைப் போலிஷ் தாய் ஒருத்தி தன் மொழியிலேயே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அவளுக்கு அப்போது நகராட்சித் தேர்தலில் வாக்கு இல்லை. ஆனாலும் தாள் அவள் வாசலுக்கும் வந்தது. அந்த மாநிலத்தில் பெண்களுக்குப் பள்ளி நிர்வாகத் தேர்தலில் மட்டும் வாக்குரிமை இருந்தது; 1909-இல் பெர்கரின் மனைவி மெட்டா பெர்கர் பள்ளிக் குழுவுக்குத் தேர்வானார்.

செலவுக்குப் பணம் உறுப்பினர்களின் மாதச் சந்தாவிலிருந்தும், கட்சி நடத்திய பிக்னிக், களியாட்ட விழாக்களின் டிக்கெட்டிலிருந்தும் வந்தது. கம்பெனிப் பணம் இல்லாத கட்சிக்குத் தொண்டர்களின் கால்தான் மூலதனம்.

பலன் மெதுவாகத்தான் வந்தது. 1904-இல் ஒன்பது பேர் நகர மன்றத்துக்குள் போனார்கள். சிறுபான்மைதான். ஆனால் ஒவ்வொரு கான்ட்ராக்டையும் கேள்வி கேட்க ஒன்பது வாய்கள். அந்த ஒன்பதில் ஒருவர் எமில் சைடல். தொழிற்சாலை வார்ப்புகளுக்கு மரத்தில் மாதிரி செதுக்கும் தொழிலாளி. இளமையில் பெர்லினுக்குப் போய்ச் சில ஆண்டுகள் தொழில் கற்றவர். 1908-இல் அவர் மேயர் பதவிக்கு நின்று, ரோஸிடம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார்.

இதற்கிடையில் கத்தோலிக்கப் பேராயர் செபாஸ்டியன் மெஸ்மர், நல்ல கத்தோலிக்கன் சோஷலிஸ்டாக இருக்க முடியாது என்று கண்டித்துக்கொண்டிருந்தார். போலிஷ் வார்டுகளில் பாதிரியார் சொல்லுக்கு இருந்த எடை சாதாரணமல்ல. கட்சி மதத்தை எதிர்த்து மல்லுக்கு நிற்கவில்லை. குடிநீரைப் பற்றியும் டிராம் கட்டணத்தைப் பற்றியும் போலிஷ் மொழியிலேயே பேசிக்கொண்டே இருந்தது. இதுவே சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். நம்பிக்கையைச் சீண்டினால் கதவு மூடிக்கொள்ளும். மூடிய கதவுக்கு முன்னால் எவ்வளவு நல்ல தாளும் வெறும் காகிதம்தான்.

விஸ்கான்சின் முழுக்கச் சுற்றி இந்தக் கட்சிக்கு ஆள் சேர்த்தவர்களில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் கார்ல் சாண்ட்பர்க். லிங்கனின் வரலாற்றை எழுதிப் பின்னாளில் புகழ்பெற்ற அதே கவிஞர்தான்.

1910 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. சைடலுக்கு 27,608 வாக்குகள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஏறத்தாழ ஏழாயிரம் வாக்குகள் பின்தங்கினார். குடியரசுக் கட்சிக்கு மூன்றாம் இடம். 35 பேர் கொண்ட நகர மன்றத்தில் 21 இடங்கள் கட்சிக்கு. நகர வழக்கறிஞர் பதவியில் டேனியல் ஹோன் என்ற இளம் வக்கீல், பொருளாளராக சார்லஸ் விட்னால். பெரிய அமெரிக்க நகரம் ஒன்றில் சோஷலிஸ்ட் மேயர் வந்தது அதுவே முதல்முறை. சாண்ட்பர்க் மேயரின் செயலாளரானார். அந்த நவம்பரில் பெர்கர் அமெரிக்கக் காங்கிரஸுக்கே தேர்வானார், அங்கே அமர்ந்த முதல் சோஷலிஸ்டாக.

ஆட்சி இரண்டே ஆண்டு. நகர ஊழியர்களுக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. பே வியூவில் சுடப்பட்டவர்கள் கேட்டது இதைத்தான். கணக்குகளைச் சீர்படுத்த விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் காமன்ஸ் தலைமையில் தனிப் பிரிவு அமைத்தார்கள். பொதுப்பணிகள் ஒரே துறையின் கீழ் வந்தன. டிராமை மட்டும் நகரத்துக்குச் சொந்தமாக்க முடியவில்லை. நகரத்தின் அதிகாரம் எதுவரை என்பதை மாநிலச் சட்டமன்றம்தான் நிர்ணயித்தது. 1934 வரை எழுதிக் கொடுத்த காகிதமும் குறுக்கே நின்றது. பெரிதாகப் பேசிவிட்டுச் சாக்கடை கட்டுகிறார்கள் என்று மற்ற ஊர்ச் சோஷலிஸ்டுகளே பிற்காலத்தில் இவர்களைக் கேலி செய்தார்கள். குழந்தைகள் டைபாய்டில் சாகும் ஊரில் சாக்கடை கட்டுவதைவிடப் பெரிய அரசியல் என்ன இருக்கிறது?

1912 தேர்தலுக்கு முன் ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் பல்லாண்டுப் பகையை ஓரமாக வைத்துவிட்டுக் கைகோத்தன. முன்னாள் நகர சுகாதார ஆணையர் டாக்டர் கெர்ஹார்ட் பேடிங் இருவருக்கும் பொது வேட்பாளர். சைடலுக்கு 1910-ஐவிட அதிக வாக்குகள் கிடைத்தன, அப்படியும் தோற்றார். அவரை வீழ்த்த இரண்டு கட்சிகள் ஒன்றாக வேண்டியிருந்தது. அதோடும் நிற்கவில்லை. நகராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. கட்சியின் பெயரைப் பார்த்து வாக்களித்த தொழிலாளி இனி வெறும் பெயர்ப் பட்டியலில் தன் ஆளைத் தேட வேண்டும்.

ஆனால் வேட்பாளரின் பெயரை வீட்டு வாசலுக்கே, வீட்டு மொழியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும் படை எந்தக் கட்சியிடம் இருந்தது? 1916-இல் டேனியல் ஹோன் மேயர் தேர்தலில் நின்று வென்றார். அடுத்த 24 ஆண்டுகள், 1940 வரை, அவரை யாராலும் அந்த நாற்காலியிலிருந்து இறக்க முடியவில்லை. போரும் பெருமந்தமும் குறுக்கிட்ட அந்த ஆண்டுகளில் அவர் நகரத்தை எப்படி நடத்தினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)