மருந்துச் சீட்டும் அனுமதிச் சீட்டும்

போதை அடிமைத்தனத்தை நோயென்று ஒப்புக்கொள்ளும் அரசே, அந்நோய்க்கு மருந்து தரும் மருத்துவரை ஐயக்கண் கொண்டு நோக்கினால் என்ன நேரும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நூற்றாண்டு வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது.

1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் அபின்வகைப் பொருள்களின் வாணிகத்தை வரிவிதிப்பின் வழியே கட்டுப்படுத்தியது. அடிமைப்பட்டவரின் பழக்கம் தொடருமாறு மருந்தெழுதுதல் மருத்துவத் தொழிலாகாது என 1919இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் பலர் வழக்குகளுக்கு ஆளாயினர். ஏனையோர் அஞ்சி ஒதுங்கினர். பின்னாளில் மெத்தடோன் பயன் தருவதாக அறியப்பட்டபோதும், அது தனிப்பதிவு பெற்ற மையங்களுக்குள்ளேயே அடங்கியது.

2000ஆம் ஆண்டின் சட்டம் அடைத்த கதவைச் சற்றே திறந்தது. போதை வேட்கையைத் தணிக்கும் பியூப்ரெனார்பின் என்னும் மருந்து 2002இல் ஏற்பளிக்கப்பட்டபோது, மருத்துவர் தம் மருத்துவ மனையிலேயே அதனை எழுத இச்சட்டம் வழிவகுத்தது. ஆயினும் 8 மணி நேரப் பயிற்சியும் நடுவணரசின் தனியனுமதியும் தேவைப்பட்டன. முதலில் 30 நோயாளர்க்கு மேல் ஏற்றல் கூடாது. அவ்வரம்பு 2006இல் 100 ஆகவும், 2016இல் 275 ஆகவும் தகுதியுடையோர்க்கு உயர்த்தப்பட்டது. வலிநீக்கும் அபின்வகை மருந்துகளை எழுத இத்தகைய அனுமதியைக் கேளாத சட்டம், அவற்றின் பிடியிலிருந்து மீட்கும் மருந்துக்கு மட்டும் அதனைக் கேட்டது!

பிரான்சு வேறு வழி சென்றது. 1990களின் இடைப்பகுதியில் பொது மருத்துவர் எவரும் இம்மருந்தை எழுதலாம் என அங்கு விதி வகுக்கப்பட்டது. தூய ஊசி வழங்கல் முதலிய முயற்சிகளும் உடன்நின்றன. நான்காண்டுகளில் மிகைப்போதை இறப்புகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

அமெரிக்காவிலோ 2021இல் மிகைப்போதையால் மாண்டோர் 100,000க்கும் மேற்பட்டனர். ஈற்றில் 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் தனியனுமதியையும் நோயாளர் வரம்பையும் ஒருங்கே நீக்கியது. மருந்தெழுதும் மருத்துவர் தொகை பெருகியது. மருந்து பெறுவோர் தொகையோ அவ்வளவாகப் பெருகவில்லை.

இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. இந்நோயாளரை அணுகுதல் இடர் மிக்கது என்னும் எண்ணத்தை ஒரு நூற்றாண்டுக் காலம் சட்டமே ஊட்டி வளர்த்தது. படிவத்தை ஒரே கையொப்பத்தால் ஒழிக்கலாம். அது விதைத்த அச்சம் அவ்வாறு ஒழிவதில்லை. ஆதலின் சட்டம் தடைநீக்கியதோடு பணி நிறைவுறவில்லை. மருத்துவக் கல்வியிலும் மருந்தகத்திலும் மருத்துவமனை வாயிலிலும் அஃது இனித்தான் தொடரவேண்டும்.