உளமாய எதிர்மருந்துகள்: மனச்சிதைவு நோயில் நோயுணர்வும் அறிகையும்

மனச்சிதைவு நோய்க்கான குளிசைகளும் ஊசிகளும் காதில் கேட்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் பலரிடம் தணிக்கின்றன. தனக்கு வருத்தம் இருக்கிறது என்ற உணர்வும், நினைவு, கவனம், திட்டமிடல் ஆகிய அறிகைத் திறன்களும் அந்த அளவுக்கு மீள்வதில்லை.

உளமாய எதிர்மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் 1952இல் பாரிசில் உளநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பின்வந்தவை அநேகமாக எல்லாமே மூளையில் டோபமீனின் டி2 ஏற்பிகளை மறிக்கின்றன. பொதுவாக 65 விழுக்காடு ஏற்பிகள் மறிபடும்போது பலன் தெரியும். 80ஐ அண்மித்தால் கைநடுக்கமும் உடல் விறைப்பும் தொடங்கும். மருந்து தளர்த்துவது வீண் நம்பிக்கையின் பிடியை மட்டுமே. அயலவன் நஞ்சு வைத்தான் என்று கத்தியவர் சில வாரங்களில் அந்தப் பேச்சை விடுவார். ஆனால் அது பொய்யென்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

நோயுணர்வை லண்டன் உளமருத்துவர் அன்டனி டேவிட் 1990இல் மூன்றாகப் பிரித்தார்: நோய் உண்டென்று ஏற்பது, குரல்களை அந்நோயின் விளைவாக அறிவது, சிகிச்சைக்கு இணங்குவது. இலங்கையின் மன்னார்த் தீவில் இம்மூன்றும் சேர்ந்தே வருமென்று எதிர்பார்ப்பது வீண். செய்வினை என்று நம்பும் குடும்பமே மடுத் தேவாலயத்து மாதாவுக்கு நேர்த்தி வைக்கும், நூல் கட்டும், கிளினிக் நாளில் ஊசிக்கும் வந்து நிற்கும். தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முதன்முறை நோய்ப்பட்ட 131 பேரை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தெய்வக்குற்றம், மாந்திரீகம் போன்றவற்றையே காரணமாகச் சொன்னார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், தொடக்கத்தில் இருந்த நோயுணர்வு பிற்கால நிலையை முன்கூட்டிக் காட்டவில்லை. நோயின் போக்குக்கேற்ப அவர்கள் தந்த விளக்கமும் மாறியது. முதலில் நோயை ஒத்துக்கொள் என்று வாதாடும் வைத்தியர்களுக்குச் சங்கடமான முடிவு இது.

அறிகைக் குறைபாடு பெரும்பாலும் குரல்கள் கேட்கத் தொடங்குமுன்பே உண்டு. ஆகவே மருந்தின்மேல் முழுப்பழி போட முடியாது. அமெரிக்காவின் கேட்டி ஆய்வில் (2007) பழைய பெர்ஃபெனசினும் புதிய மருந்துகளும் அறிகையில் சிறிதளவே முன்னேற்றம் தந்தன. நடுக்கத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் பென்செக்சோல் நினைவை மந்தமாக்கும்.

மன்னார்க் கடற்றொழிலாளருக்கு மருந்தால் வேறு சிக்கலும் உண்டு. குளோர்புரோமசின் தூக்கம் தரும், வெயில் பட்ட தோலை எரிக்கும். இரவில் வலைபோடப் போகிறவர் இரவுக் குளிசையைத் தவிர்த்தால், நோயுணர்வு இல்லை என்று பதிவில் எழுதுமுன் அவர் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகிறார் என்று கேட்கவேண்டும். வேளையை மாற்றலாம், மாதமொருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.